மூன்று மாதக் கணக்கை நாலு நாள் பத்தியம் மாற்றாது

சுகர் என்று டாக்டர் சொல்லி, "அடுத்த வாரம் வந்து நர்ஸைப் பாருங்க" என்று அனுப்பியதும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஆட்கள் செய்கிற முதல் வேலை, சோற்றைக் குறைப்பது. காபிக்குச் சர்க்கரை கிடையாது, ராத்திரிக்கு இரண்டே சப்பாத்தி. போகிற அன்றைக்கு அளவு நல்லபடியாக வர வேண்டுமாம். வெறும் வயிற்றுச் சோதனையில் இது ஓரளவு பலிக்கவும் செய்யும். ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சோதனையிடம் பலிக்காது.

ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு நொதி எதுவும் வேண்டாம். சர்க்கரையும் புரதமும் ஒரே இடத்தில் இருந்தால் போதும், தானாக நடக்கும். திரட்டுப்பால் கிண்டும்போது பால் சிவந்து வருவதும் இதே வகை வேதிவினைதான். அடுப்புச் சூட்டில் மளமளவென்று நடப்பதன் முதல் படி, உடம்புச் சூட்டில் வாரக்கணக்கில் நடக்கிறது. ஒட்டியது பெரும்பாலும் அந்தச் சிவப்பணு சாகும்வரை விடாது. அதன் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆகவே நூற்றுக்கு எத்தனை பங்கு ஹீமோகுளோபினில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டு மூன்று மாதத்துச் சராசரி தெரிந்துவிடும். கடைசி ஒரு மாதத்துக்குத்தான் அதில் பெரும்பங்கு. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய்; 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968-இல் ஈரானில் கவனித்தவர் சாமுவேல் ரஹ்பார்.

ஆனால் சிவப்பணுவிலேயே கோளாறு இருந்தால் இந்தக் கணக்கும் தப்பும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் நிறைய ரத்தம் போயிருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டலாம். பழைய ரிப்போர்ட்டுகளை, குறிப்பாக ஹீமோகுளோபின் அளவு இருக்கும் தாளை, மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் அப்படியே கொண்டு போய்விடுங்கள். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடி, லேகியம் எல்லாம் சேர்த்து. சில வலி மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும், அது சர்க்கரையை ஏற்றிவிடும்.

அப்புறம் சாப்பாடு. "கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன் சிஸ்டர்" என்பதை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை கரண்டிச் சோறு, வயலுக்கு வருகிற டீயில் எவ்வளவு சர்க்கரை, பழைய சோறு எத்தனை மணிக்கு என்று இரண்டு மூன்று நாள் உள்ளது உள்ளபடி குறித்துக்கொண்டு போனால் அது உதவும்.

டெல்டாக்காரர்கள் சொல்ல மறக்கும் இன்னொன்று, பருவம். வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். நடவும் அறுப்புமாக இருக்கும் நாட்களில் தசைகள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை அள்ளி இழுக்கும், அதுவும் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே. கோடையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்த கிளிமிபிரைடு என்கிற சர்க்கரை மாத்திரை, நடவு நேரத்தில் சர்க்கரையை 70-க்குக் கீழே தள்ளிவிடக்கூடும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுவது இதன் அறிகுறிகள். "வேலை எப்போ அதிகம், எப்போ இல்லை" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

காலைக் காட்டச் சொல்வார்கள். சேற்றுப்புண், பித்தவெடிப்பு என்று கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம், அவர் பார்க்க நினைப்பதே அதைத்தான். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து வைத்து எடுப்பார். பட்ட இடம் தெரிந்தால் நல்லது. நரம்பு மரத்துப்போனவருக்குத் தெரியாது. அறுத்த வயலில் வெறுங்காலோடு நடந்து தாள் குத்தினாலும் தெரியாது. சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்துத்தான் புண் இருப்பதே புரியும். உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் வயலுக்கு எந்தச் செருப்பு, ராத்திரியில் பாதத்தை எப்படிப் பார்ப்பது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

விரலில் குத்திப் பார்க்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். மாம்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே மீட்டரில் அளவை எக்கச்சக்கமாக ஏற்றிக் காட்டிவிடும். நம்ப முடியாத எண் வந்தால் பதறாமல், கழுவிவிட்டு வேறு விரலில் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.