தேயிலைக்கு இடும் டொலமைட்டும் பவளத்தொட்டியின் அடிமணலும்

கடந்த வாரம் ஹட்டனுக்கு அருகே ஒரு வீட்டுக்குச் சென்றபோது, உயிர்ப்பவளமும் மீனும் வளர்க்கும் அவர்களின் நான்கடிக் கடல்நீர்த் தொட்டி, அதாவது பவளத்தொட்டி, அரிசி கழுவிய நீரைப்போல வெளுத்துக் கிடந்தது. உள்ளே ஹீட்டர் இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்தபடி நின்றன. "பி.எச். 7.8-க்கு இறங்கிடுச்சி சேர், அதனால தேயிலைக்குப் போடுற டொலமைட்டுல மூணு கிலோவ அடியில போட்டேன். மண்ணோட புளிப்ப எடுக்கிறது தண்ணியோட புளிப்ப எடுக்காதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இதே கேள்வியோடு இவ்வாண்டில் நான் பார்த்த மூன்றாவது தொட்டி அது.

தேயிலைக்கு உகந்த மண்ணின் பி.எச். ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை ஆகும். அதற்கும் கீழே இறங்கிய மண்ணுக்கே டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூளை இடுகிறோம். அங்கே அமிலம் இருப்பதால் அந்தக் கல் கரைகிறது. கடல்நீரோ 8-ஐ ஒட்டிய காரநீர். அதில் கல்சியமும் கார்பனேட்டும் ஏற்கெனவே கரையக்கூடிய அளவுக்கு மேலாகவே இருக்கின்றன. சீனி மிகுந்துபோன தேநீரில் இன்னும் இரண்டு கரண்டி சீனியைக் கொட்டினால் அது அடியில் தங்குமேயன்றி இனிப்பைக் கூட்டாது. தொட்டியில் போட்ட சுண்ணாம்புக் கல்லின் கதையும் அதுவே. பவளமணலின் முதன்மையான கனிமமாகிய அரகோனைட்கூட, பி.எச். ஏறத்தாழ 7.7-க்குக் கீழே போன பிறகுதான் கரையத் தொடங்கும். டொலமைட் அதைவிடப் பிடிவாதமான கல். கல்சியம் ரியாக்டர் என்ற கருவியில் கரியமில வாயுவைச் செலுத்தி, உள்ளிருக்கும் நீரின் பி.எச்.-ஐ 6.5 அளவுக்கு இறக்கித்தான் பவளத்துண்டுகளைக் கரைக்கிறார்கள். மணல் தானாகவே கரைந்து தொட்டியைக் காக்குமென்றால், அந்தக் கருவிக்கு யார் பணம் கொடுப்பார்கள்? விலையுயர்ந்த பவளமணலை "பி.எச். இறங்காது" என்று சொல்லி விற்பவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அப்படியானால் பி.எச். ஏன் இறங்கியது? குளிருக்குப் பயந்து இரவும் பகலும் சன்னல்களைச் சாத்திவைத்து, உள்ளே கேஸ் அடுப்பை எரித்து, ஆறு பேர் மூச்சுவிடும் வீட்டில் கரியமில வாயு சேராமல் என்ன செய்யும்? தொட்டி நீரை ஒரு கோப்பையில் எடுத்து, வெளித் திண்ணையில் வைத்து, காற்றுப் பம்பில் பொருத்தும் காற்றுக்கல்லால் ஒரு மணி நேரம் குமிழவிட்டு அளந்து பாருங்கள். பி.எச். ஏறினால் குற்றம் வீட்டுக்குள் இருக்கும் காற்றினுடையது; மணலை நோக வேண்டாம். அந்த வீட்டில் 7.8 என்றிருந்தது வெளியில் 8.2 ஆயிற்று. உண்மையில், 7.8 என்பதே பதறுவதற்குரிய அளவு அன்று.

ஆகவே மணலை அதன் பருமனையும் தூய்மையையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையான அரகோனைட் மணல் பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும். சீனியைப்போல நுண்ணிய மணல் பவர்ஹெட் எனப்படும், நீரை ஓடவிடும் பம்பின் ஓட்டத்தில் பறந்து பவளங்களின்மீது படியும். பெரிய பவளத்துண்டுகளின் இடுக்குகளில் தீனி தங்கி அழுகும். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போதுமானது. மணலுக்குள் புதைந்து உறங்கும் ராஸ் வகை மீன் வளர்ப்பவர்கள் சற்று நுண்ணிய மணலை ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடட்டும். மணலே இல்லாத தொட்டியும் நன்றாகவே ஓடும். அழகு குறையும், அவ்வளவுதான். உலர்ந்த மணலை நீர் தெளியும்வரை கழுவிய பின்னரே இடுங்கள். இதில் சோம்பலுக்கு இடமில்லை.

நிலாவெளிக்குச் சுற்றுலா போய், வெற்று உரப்பையில் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வருபவர்களுக்குத் தயவாக ஒரு வார்த்தை. அனுமதியின்றிக் கடற்கரை மணலை அள்ளுவது சட்டப்படி குற்றம். அருகிலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா ஆகையால், அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. அதுவும் போக, ஈர மணலில் இருந்த சிற்றுயிர்கள் மலையேறி வருவதற்குள் செத்து அழுகத் தொடங்கிவிடும். பையின் மூலையில் ஒட்டியிருக்கும் யூரியாவும் சேர்ந்தால் தொட்டியில் அமோனியா ஏறும்.

டொலமைட்டை ஏற்கெனவே கொட்டியவர்கள் கையை விட்டுக் கலக்க வேண்டாம். பவர்ஹெட்டைக் குறைத்து, காற்றுக்கல்லைக் கூட்டி, வடிபஞ்சை நாளுக்கு இருமுறை மாற்றுங்கள். தூள் படிந்த பிறகு, நீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுங்கள். அதற்கு அடியில் பழைய மணல் இருந்தால் ஒரு தடவைக்குக் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உறிஞ்சும்போது அழுகிய முட்டை வாடை வந்தால், அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு முதலில் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.