நூற்றொரு வயதில் குதித்தவருக்குக் கழுத்து ஏன் சுளுக்கவில்லை?

2017 மே 14 அன்று இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டங்கெஸ்வெல் விமானத் திடலுக்கு மேலே 15,000 அடி உயரத்திலிருந்து வெர்டன் ஹேஸ் என்ற பெரியவர் பாராசூட்டில் குதித்தார். அன்று அவருக்கு 101 வயதும் 38 நாட்களும். அதற்குமுன் அவ்வளவு வயதில் யாரும் குதித்ததாகப் பதிவில்லை. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கியபோது பங்கேற்ற முன்னாள் படைவீரர் அவர். வீட்டு ஆட்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு குதித்து, முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் ராயல் பிரிட்டிஷ் லீஜன் அமைப்புக்கு நிதி திரட்டிக் கொடுத்தார். பிரிட்டனில் இது பழகிப்போன வழக்கம்தான். நான் குதிக்கிறேன், உன்னால் முடிந்ததைக் கொடு என்று அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் கேட்டு, பெயரும் தொகையும் எழுதி வாங்குவார்கள்.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறவரைப் பாராசூட் திடீரென்று பிடித்து நிறுத்துகிறதே, அந்த வயதில் எலும்பு நொறுங்கிவிடாதா?"

சரியான கேள்வி. பாராசூட் விரியாமல் போனால் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது டக்கென்று விரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே அளவு பயப்பட வேண்டிய விஷயம்.

பள்ளியில் படித்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். விழும் பொருளின் வேகம் கூடக்கூடக் காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. அது எடைக்குச் சமமாகும்போது வேகம் ஏறுவது நின்றுவிடும். இதுதான் முற்றுத்திசைவேகம். வயிறு கீழே பார்க்கக் கிடைமட்டமாக விழும் ஒருவருக்கு அது மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டர்.

ஹேஸ் தனியாகக் குதிக்கவில்லை, பயிற்றுநரின் மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார். டாண்டம் என்று சொல்லப்படும் இந்த முறையை 1980களின் முதல் பாதியில் அமெரிக்காவில் பில் பூத், டெட் ஸ்ட்ராங் ஆகியோர் வளர்த்தெடுத்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் படுத்த நிலையில் விழும்போது எடை இரண்டு மடங்கு, ஆனால் காற்றை எதிர்க்கும் பரப்பு ஏறக்குறைய ஒருவருடையதுதான். அப்படியே விட்டால் வேகம் மணிக்கு 270ஐத் தாண்டிவிடும். அதனால் குதித்த சில நொடிகளிலேயே பயிற்றுநர் ட்ரோக் என்ற சின்னப் பாராசூட்டைப் பின்னால் வீசிவிடுவார். அது இருவரையும் ஒருவர் விழும் வேகத்திலேயே பிடித்து வைக்கும். ஏறக்குறைய ஒரு நிமிடம் இப்படி விழுந்தபின், 5,000 அடி வாக்கில் பெரிய பாராசூட் வெளியே வரும்.

நெருக்கடி அங்கேதான். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். டாண்டம் பாராசூட்டின் பரப்பு சுமார் 33 சதுர மீட்டர். வேகம் நொடிக்கு 53 மீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் காற்று கிட்டத்தட்ட 150 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். துணி முழுவதும் ஒரே கணத்தில் விரிந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், மொத்த விசை ஏறத்தாழ 5 டன் எடைக்குச் சமம். கீழே தொங்குவதோ சாமான்களோடு சேர்த்து 180 கிலோ. எடையைப்போல 25 மடங்குக்கும் மேலான வெட்டு! நூற்றொரு வயதை விடுங்கள், இருபத்தொரு வயதுக்காரரே தாங்க மாட்டார்.

பழைய வட்டப் பாராசூட்டுகளில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. 1960களில் டொமினா ஜால்பர்ட் என்ற பட்டம் செய்பவர், முன்பக்கம் திறந்த அறைகள் வரிசையாக அமைந்த நீள்சதுரப் பாராசூட்டை வடிவமைத்தார். காற்று அறைகளுக்குள் புகுந்து அழுத்தி, துணியை ஒரு விமான இறக்கையாகவே மாற்றிவிடும். திருப்பலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மெத்தென்று இறங்கலாம். ஆனால் ஆரம்பகாலத்தில் இவை முரட்டுத்தனமாக விரிந்து ஆளை உலுக்கி எடுத்தன. கயிறுகளையும் குழல்களையும் வைத்து என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது ஸ்லைடர் என்ற ஒரு துண்டுத் துணி.

எனக்கு இதைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. நீள்சதுரமான நைலான் துண்டு, நாலு மூலையிலும் நாலு உலோக வளையங்கள், அவ்வளவுதான். மின்கலம் இல்லை, சுருள்வில் இல்லை. பாராசூட்டின் கயிறுகள் நாலு கொத்தாகப் பிரிந்து இந்த நாலு வளையங்களின் வழியே கீழே வருகின்றன. மடித்து வைக்கும்போது ஸ்லைடரைக் கயிறுகளின் உச்சிவரை ஏற்றி, துணியை ஒட்டினாற்போல வைத்துவிட வேண்டும். மடிப்பவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் இடங்களில் இது முக்கியமானது.

பாராசூட் பையைவிட்டு வெளியே வந்து கயிறுகள் விறைத்ததும் துணி விரியப் பார்க்கிறது. விரிய வேண்டுமென்றால் நாலு கொத்துகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். ஸ்லைடர் மேலே இருக்கும்வரை அவை விலக முடியாது. இழுத்துக் கட்டிய சுருக்குப்பையின் வாய் மாதிரி எல்லாம் ஒடுங்கியே கிடக்கும். அறைகளுக்குள் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புகும்.

சரி, ஸ்லைடரை மேலே பிடித்து வைத்திருப்பது யார்? ஆளை உலுக்கப் பார்க்கும் அதே காற்றுதான். கீழிருந்து வீசும் காற்று ஸ்லைடரை மேல்நோக்கி அழுத்துகிறது. அகலப் பார்க்கும் கயிறுகள் அதைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. இந்த இழுபறியில் முதலில் காற்றின் கை ஓங்கியிருக்கும். ஒடுங்கிய நிலையிலேயே பாராசூட் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும். வேகம் பாதியானால் ஸ்லைடரை அழுத்தும் விசை கால்வாசி, ஐந்தில் ஒன்றானால் இருபத்தைந்தில் ஒன்று. ஆனால் கயிறுகளின் இழுவிசை அப்படிச் சரிந்துவிடாது. தொங்குகிறவர்களின் எடையைக் கடைசிவரை அவை தாங்கியே ஆக வேண்டுமே! ஒரு பக்கத்து விசை மளமளவென்று இறங்க, மறுபக்கத்து விசை ஓரளவுக்குக் கீழே போகாமல் நிற்கிறது. எனவே ஸ்லைடர் ஒரு கட்டத்தில் தோற்றே ஆக வேண்டும். படபடவென்று அடித்துக்கொண்டு கயிறுகளின் வழியே தலைக்கு மேலே வந்து நிற்கும். துணி முழுசாக விரிந்திருக்கும்.

வேகமாக விழுந்தால் ஸ்லைடர் அதிக நேரம் பிடிவாதம் பிடிக்கும், மெதுவாக விழுந்தால் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். தேவைக்கேற்பத் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது! ககன்யான் விண்கலத்தின் பெரிய பாராசூட்டுகளையும் இதே காரணத்துக்காக ஒரேயடியாக விரியவிடுவதில்லை. முதலில் வாயைக் கயிற்றால் ஒடுக்கி வைத்து, பிறகு வெடிமருந்துக் கத்தியால் அந்தக் கயிற்றை அறுக்கிறார்கள். அவற்றை உருவாக்கும் ஆய்வகம் ஆக்ராவில் இருக்கிறது. சாதாரணப் பாராசூட்டில் அந்த வேலையைச் செய்வது ஒரு முழம் துணி.

ஸ்லைடரின் தயவால் விரிவதற்கு நாலைந்து நொடி ஆகிறது. நொடிக்கு 53 மீட்டர் வேகம் அந்த இடைவெளியில் பத்துக்கும் கீழே வருகிறது என்றால், உடம்பு உணரும் விசை சராசரியாக எடையைப்போல இரண்டு மடங்குதான், உச்சத்தில் இன்னும் கொஞ்சம் கூட. அதுவும் தொடையிலும் தோளிலும் அகலமான பட்டைகள் வழியே பரவிவிடும். தரைக்கு அருகில் பயிற்றுநர் கைப்பிடிகளை இழுத்து இறக்கையின் பின்விளிம்பைத் தாழ்த்துவார், வேகம் கிட்டத்தட்ட அற்றுப்போகும். பயணி காலைத் தூக்கிக்கொண்டால் போதும், இருவரும் உட்கார்ந்தபடியே புல்லில் சறுக்கி நிற்பார்கள்.

எல்லாக் காலத்திலும் நிதி திரட்டும் குதிப்பு இவ்வளவு சுகமாக இருந்ததில்லை. ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதி மருத்துவர்கள், அங்கிருந்த இரண்டு பாராசூட் மையங்களில் ஐந்து ஆண்டுகளில் அடிபட்டவர்களைக் கணக்கெடுத்து 1999இல் வெளியிட்டார்கள். அடிபட்ட 174 பேரில் 94 சதவீதம் பேர், நன்கொடைக்காக முதல்முறையாகக் குதித்தவர்கள். அப்படிக் குதித்தவர்களில் 11 சதவீதம் பேருக்குக் காயம். ஒருவர் திரட்டிய தொகை சராசரியாக 30 பவுண்டு. அவர்கள் திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மருத்துவத் துறைக்கு ஆன செலவு 13.75 பவுண்டு! தர்மம் செய்யப் போனவர்கள் அரசாங்கத்தின் தலையில் கட்டியது அதைவிடப் பல மடங்கு.

இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மருத்துவமனைப் பதிவேடும், அதை உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிற பொறுமையும் போதும். நம் ஊரில் ஆய்வு நிதி என்றாலே கோடிகளும் பளபளக்கும் ஆய்வகங்களும்தான் பேச்சில் வருகின்றன. ஜல்லிக்கட்டிலும் தேரோட்டத்திலும் அடிபடுகிறவர்களை இப்படி ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்க்கும் வேலைக்கு ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் எவ்வளவோ தெரியவரும். எண்ணினால் சாமி குத்தம் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

காசு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. டாண்டம் குதிப்புக்குக் கட்டணம் உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தந்தால் அந்தக் கட்டணத்தையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று சில அமைப்புகள் அனுமதிக்கின்றன. ஊரார் கொடுத்ததில் ஒரு பங்கு விமானத்துக்கும் எரிபொருளுக்கும் போய்விடும். யாராவது நன்கொடைத் தாளை நீட்டினால், கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று நான் கேட்பேன். கைக்காசைப் போட்டுக் குதிப்பவருக்கு என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.