பாடுபவர் மாறினால் சிந்த்தும் மாறும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில், கடைவீட்டு மாடியில் இயங்கும் சிந்த்பாப் குழு ஒன்றை, அதாவது சிந்த் எனும் சிந்தசைசரை (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி) வைத்துப் பாப் இசை செய்யும் குழுவை, எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டையில், அதாவது சி சுருதியில், பாடியவர் விலகிவிட்டார். புதிதாக வந்த பாடகிக்கு ஐந்து கட்டைதான், அதாவது ஜி சுருதிதான், சௌகரியம். புதுப் பாட்டின் இசையோ பழைய சுருதியில் தயாராக இருக்கிறது. ட்ரான்ஸ்போஸ் செய்தால் (எல்லாச் சுரங்களையும் ஒரே அளவு நகர்த்தினால்) முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும்.

அது பாதிதான் சரி. இசைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி முறை, ஒலியை அனுப்புவதில்லை. கீபோர்டில் எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற தகவலை மட்டுமே அனுப்புகிறது. ஆகவே சி-யிலிருந்து ஜி-க்கு, கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து ஏழு படி ஏற்றுவது நொடி வேலை. அதிர்வெண் ஏறக்குறைய 1.5 மடங்காகும்.

சிக்கல், ஓர் அளவுக்கு மேலுள்ள அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரில் இருக்கிறது. சிந்த்தின் ரம்பப்பல் வடிவ அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும் உண்டு. ஃபில்டர் 1,000 ஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்றால், 131 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சி-க்கு ஏழு மடங்குகள் அதற்குக் கீழே நிற்கும். 196 ஹெர்ட்ஸ் ஜி-க்கு ஐந்துதான். சுருதி ஏறியும் ஒலி மங்கியதாகத் தோன்றுவது இதனால்தான். சிந்த்தில் ‘கீ ட்ராக்கிங்’ (சுருதியோடு வெட்டுப்புள்ளியையும் நகர்த்தும் வசதி) இருந்தால் அதை முழுமையாக வையுங்கள். இல்லையென்றால் வெட்டுப்புள்ளியைக் கையாலேயே 1,500 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்த்துங்கள். பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ‘பேட்’ சுரக்கூட்டுகளை மட்டும் மொத்தமாக ஏழு படி ஏற்றவே கூடாது, பாடகியின் குரல் நிற்கும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். சுரங்களின் வரிசையை மாற்றிப் பழைய இடத்திலேயே வாசிப்பது நல்லது.

அடித்தள ஒலியான பேஸுக்கு இரண்டு வழி. 65 ஹெர்ட்ஸ் சி-யை மேலே ஏற்றினால் 98, கனம் போய்விடும். ஐந்து படி இறக்கினால் 49. சின்ன ஸ்பீக்கரில் கேட்காது, ஓர் எண்மம் மேலே மெல்லிய சதுர அலை ஒன்றைச் சேர்த்தால்தான் காதுக்கு எட்டும். இதில் இன்னொரு வம்பும் உண்டு. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேபிளில் ‘ஹம்’ எனும் மின் இரைச்சல் இருந்தால் 49-உம் 50-உம் மோதி, நொடிக்கு ஒருமுறை பேஸ் வீங்கி வற்றும். ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் கம்ப்ரசரைத் திருகிப் பயனில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்வரிசையில் செருகி, இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறிப் பாருங்கள்.

குரல் பதிவில் பெரிய எதிரி தகரக் கூரையில் கொட்டும் சாயங்கால மழை. டைனமிக் மைக், வாயிலிருந்து 10 செ.மீ. தூரம், காலை நேரம். அவ்வளவுதான்.

இனி ரீமிக்ஸ். மூலப் பாட்டு 112 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்), நடன வடிவம் 124 என்று வைப்போம். வெறுமனே வேகமாக ஓட்டினால் சுருதி ஏறக்குறைய 1.8 படி ஏறும். வாயின் ஒத்ததிர்வுகளும் சேர்ந்து ஏறுவதால் குரல் பொம்மைக் குரலாகிவிடும். மென்பொருள் சுருதியைப் பிடித்துக்கொண்டு காலத்தை மட்டும் சுருக்கும், ஆனால் ‘ட’, ‘க’ போன்ற வல்லெழுத்துகளின் முனை மழுங்கும். 10 விழுக்காட்டைத் தாண்டும்போது, பாடகியை 124-லேயே மறுபடி பாடவைப்பதுதான் மலிவான வழி.

எக்கோவைக் குரலோடு சேர்த்துப் பதிந்து அனுப்புவது பலர் செய்யும் தவறு. 112-இல் புள்ளி வைத்த எட்டாம் சுர எக்கோ, அதாவது முக்கால் பீட் எக்கோ, 402 மில்லிவினாடி. 124-இல் அது 363 ஆக வேண்டும். பழையதை அப்படியே விட்டால் எக்கோ தாளத்துக்குப் பின்னால் நொண்டும். ஆகவே எக்கோ சேராத உலர்ந்த குரலைத் தனியாகவும் எக்கோவைத் தனியாகவும் கொடுங்கள்.

உறுமி ரீமிக்ஸ் கேட்காத தோட்டம் ஏது? உறுமி அடி பீட்டுக்கு மூன்று மூன்றாக நடந்தால் 124-இல் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 161 மில்லிவினாடி. சுரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் அர்பெஜியேட்டர் பதினாறாம் சுரத்தில் (பீட்டுக்கு நான்கு) ஓடினால் 121. இரண்டும் பீட்டின் தலையில் மட்டுமே சந்திக்கும், இடையில் சலசலப்பு. அர்பெஜியேட்டரையும் பீட்டுக்கு மூன்றான ட்ரிப்லெட்டுக்கு மாற்றுங்கள். உறுமியின் இழுவை பேஸோடு மோதினால் பேஸைத்தான் குறைக்க வேண்டும்; ஆட வருபவர்கள் உறுமிக்காக வருகிறார்கள்.