கட்டத்தில் தெரியும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும்

எக்ஸெல் போன்ற விரிதாள் மென்பொருளில் மூன்று கட்டங்களில் தனித்தனியே 2.4 என்று இட்டு, புள்ளிக்குப் பின் இலக்கம் எதுவும் வேண்டாம் என்று அமைத்தால், மூன்றிலும் 2 என்றே தெரியும். அவற்றைக் கூட்டும் நான்காவது கட்டத்திலோ 7 வந்து நிற்கும். மென்பொருள் இங்கே எந்தப் பிழையும் செய்யவில்லை. அது கூட்டியது கண்ணுக்குத் தெரியாத 2.4-களை; விடையான 7.2-ஐ அதே அமைப்பின்படி 7 என்று காட்டியது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பு ஒன்றும், அதை எப்படிக் காட்டுவது என்னும் வடிவமைப்புக் குறியீடு ஒன்றும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. கணக்கீடுகள் மதிப்பை மட்டுமே பார்க்கும். காட்டப்படும் எண்ணையே கணக்கிலும் பயன்படுத்த வேண்டுமென்றால், மதிப்பையே குறிப்பிட்ட இலக்கத்துக்கு முழுமையாக்கி மாற்றும் ரவுண்ட் (ROUND) என்ற சார்பைப் பயன்படுத்த வேண்டும். எக்ஸெலில் காட்டப்படும் துல்லியத்தையே மதிப்பாக்கிவிடும் தெரிவு ஒன்றும் உண்டு. ஆனால் அது வெட்டிய இலக்கங்கள் மீண்டும் கிடைக்காது என்பதால், அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

குறியீட்டின் இலக்கணம் சிறியது. 0 என்பது, இலக்கம் இல்லாவிட்டாலும் அந்த இடத்தைச் சுழியத்தால் நிரப்பு என்று பொருள்படும். # என்பது இலக்கம் இருந்தால் மட்டும் காட்டு என்று பொருள்படும். அதனால்தான் 000 என்ற குறியீட்டில் 7 என்பது 007 ஆகவும், #.## என்ற குறியீட்டில் 0.5 என்பது முன்சுழியம் இழந்து .5 ஆகவும் தெரிகின்றன. குறியீட்டை அரைப்புள்ளிகளால் நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம்: முதலாவது நேர் எண்களுக்கு, அடுத்தது எதிர் எண்களுக்கு, மூன்றாவது சுழியத்துக்கு, கடைசி உரைக்கு. #,##0;-#,##0;"இல்லை" என்று எழுதினால், சுழியம் உள்ள கட்டங்களில் எல்லாம் 'இல்லை' என்ற சொல் தெரியும்; கூட்டலில் அவை சுழியமாகவே சேரும். வெறும் மூன்று அரைப்புள்ளிகளை மட்டும் இட்டால் கட்டமே காலியாகத் தோன்றும், மதிப்போ உள்ளே பத்திரமாக இருக்கும். சதவீதக் குறியும் இப்படித்தான்: 0.05-ஐ நூறால் பெருக்கி 5% என்று காட்டும். ஏற்கெனவே 5 என்று இட்ட கட்டத்தைப் பின்னர் சதவீதமாக மாற்றினால் 500% என்று தெரிவது இதனால்தான்.

இந்தப் பிரிவினை மிகத் தெளிவாகப் புலப்படுவது தேதிகளில். எக்ஸெலுக்குத் தேதி என்று தனி வகை கிடையாது. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிய நாள்களின் எண்ணிக்கையே தேதி. 45000 என்று இட்டுத் தேதி வடிவமைப்பைத் தேர்ந்தால் 2023 மார்ச் 15 என்று தெரியும், 45000.75 என்றால் அதே நாள் மாலை 6 மணி. இந்த எண்ணிக்கையில் 60 என்பது 1900 பிப்ரவரி 29. உண்மையில் அப்படியொரு நாளே இருந்ததில்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளின் பிழையை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்ஸெல் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. நேரங்களைக் கூட்டும்போது 25 மணி நேரம் 1:00 என்று தெரிவதும் இதே காரணத்தால்தான்: முழு நாள் தேதிப் பக்கம் போய்விட, மிச்சமே காட்டப்படுகிறது. குறியீட்டில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டால் 25:00 என்று சரியாக வரும்.

வடிவமைப்பால் மீட்க முடியாதவையும் உண்டு. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்க அடையாள எண்ணை அப்படியே இட்டால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் குறியீடும் உதவாது. கட்டத்தை முன்கூட்டியே உரை என்று அமைத்துவிட வேண்டும்.

கோப்பை சிஎஸ்வி (CSV) ஆக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளிகளால் பிரித்து எழுதும் வெறும் உரைக் கோப்பாக, சேமிக்கும்போது மட்டும் இந்த உறவு தலைகீழாகிறது. எக்ஸெல் அப்போது திரையில் தெரிவதையே எழுதுகிறது: 2 என்று காட்டிய கட்டம் 2 ஆகவே கோப்பில் பதிகிறது, 2.4 அதோடு போய்விடுகிறது. ஆகவே சிஎஸ்வி கோப்பு எடுப்பதற்கு முன், இலக்கங்களை மறைக்கும் அமைப்புகளை நீக்கிவிட வேண்டும்.