பிண்ணாக்குத் தண்ணீர் வேருக்குப் போகும் வழி

தர்மபுரியில் குண்டுமல்லி வைத்திருப்பவரைக் கேட்டாலும், ஓசூரில் மாடித் தொட்டியில் ரோஜா வளர்ப்பவரைக் கேட்டாலும் பக்குவம் ஒன்றுதான்: ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கைப் பத்து லிட்டர் தண்ணீரில் நாலைந்து நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்ற வேண்டும். ஆனால் மார்கழியில் ஓசூர்ச் செடி துளிர்க்க எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு, தர்மபுரிச் செடிக்கு ஆகும் நேரம் வேறு.

கடலைப் பிண்ணாக்கில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. அது பெரும்பாலும் புரதமாகக் கிடக்கிறது; புரதத்தை வேர் அப்படியே உறிஞ்சாது. முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதை அமினோ அமிலங்களாக நறுக்கி, பிறகு அம்மோனியமாக மாற்றுகின்றன. டிரம்மில் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் இந்தக் கட்டத்தில் வருவதுதான். அடுத்த கட்டத்துக்கு ஆக்சிஜன் வேண்டும், அது மூடிய டிரம்மில் இல்லை. எனவே மீதி வேலை மண்ணில் நடக்கிறது: நைட்ரோசோமோனாஸ் வகை பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரைட்டாக்க, நைட்ரோபாக்டர் அதை நைட்ரேட்டாக்குகிறது. வேர் விரும்பி எடுப்பது இந்த நைட்ரேட்டையும் கொஞ்சம் அம்மோனியத்தையும்.

இத்தனையும் உயிர்கள் செய்யும் வேலை, குளிர்ந்தால் மந்தமாகிவிடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் பாதி. இட்லி மாவு ஓசூர்க் குளிரில் பொங்க மறுப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே குளிர்காலத்தில் கரைசலைக் கூடுதலாகச் சில நாள் விட்டு, தினமும் கிளறி, இளவெயில் படும் இடத்தில் வைப்பது நல்லது.

அளவையும் பார்த்துவிடலாம். குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு 60 கிராம் தழைச்சத்து என்பது பரவலான பரிந்துரை. மேலே சொன்ன கலவையில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 0.7 கிராம் இருக்கும். 60 கிராம் தேற 85 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும்! ஆகவே குழியில் போடும் தொழு உரத்துக்கு இந்தக் கரைசல் மாற்று ஆகாது, துணைதான். பஞ்சகவ்யாவை 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கும்போதோ சத்தின் அளவு இன்னும் குறைவு. அதன் பலனை அதிலுள்ள நுண்ணுயிரிகளிடமும், ஆக்சின் போன்ற வளர்ச்சிப் பொருட்களிடமும்தான் தேட வேண்டும்.

தழைச்சத்து கூடினால் இலைதான் வரும், பூ வராது என்பார்கள். பாதி உண்மை. மல்லி புதுத் துளிரில்தான் அரும்பு கட்டும். நவம்பர் கடைசியில் கவாத்து செய்த பின் எத்தனை துளிர் வருகிறதோ, பூவும் அதைப் பொறுத்தே. எனவே அந்த நேரத்தில் பிண்ணாக்குக் கரைசல் தாராளமாகக் கொடுக்கலாம். அரும்பு கட்டியதும் அதைக் குறைத்து, சாம்பல்சத்துக்கு (பொட்டாசியம்) இடம் விட வேண்டும். வாழைப்பழத் தோலை ஊறவைத்தால் சாம்பல்சத்து எளிதில் தண்ணீரில் இறங்கும், ஏனென்றால் அது திசுக்களில் கட்டுண்டு கிடப்பதில்லை. ஆனால் பெரிய தோட்டத்துக்கு எத்தனை தோல் சேர்ப்பது? தொட்டிச் செடிக்குத்தான் அது சரிவரும். அடுப்புச் சாம்பலில் மட்டும் கவனம் வேண்டும். இங்கே பல கிணறுகளில் உப்பும் காரமும் உள்ள தண்ணீர். சாம்பல் அந்தக் காரத்தை ஏற்றும், இரும்புச்சத்து கரையாமல் போகும், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் நிற்கும்.

சாமந்திக்கோ எந்தக் கரைசலும் பூக்கும் நாளை முன்தள்ளாது. இரவு நீண்டால்தான் அது மொட்டு விடும். அதனால்தான் பசுமைக்குடில்களில் இரவில் விளக்கு எரித்துப் பூவைத் தள்ளிப்போடுவதும், கறுப்புத் துணி போர்த்தி வரவழைப்பதும். உரம் அங்கே பூவின் பருமனுக்கும் காம்பின் உறுதிக்கும் மட்டும்.

ஊற்றும்போது நீர் கலப்பதில் சோம்பல் கூடாது. கெட்டியான கரைசலில் அம்மோனியா வேர்நுனியைக் கருக்கும்; அழுகும் பொருள் மண்ணிலுள்ள ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். சொட்டுநீரில் விடுவதென்றால் நைலான் துணியில் இரண்டு முறை வடிகட்டி, விட்டு முடித்ததும் வெறும் தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள் கசடும் பாக்டீரியா வழவழப்பும் படிந்து துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும்.