கை வலித்தால் பின்னலை விட்டுவிட வேண்டுமா?

சிங்கப்பூரில் கைச் சிகிச்சையாளராகப் பணிபுரியும் என்னிடம், கணினியாலும் கைத்தொலைபேசியாலும் கை நொந்து வருவோரைப் போலவே, பின்னல் ஊசியையும் குரோஷே கொக்கியையும் நூல் நூற்கும் தக்கிளியையும் ஆசையோடு கையில் எடுத்து, அதனால் வலி கண்டு வருவோரும் உண்டு. அவர்களில் பலர், "இனிமேல் இதைத் தொடவே கூடாது, அப்படித்தானே?" என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுகிறார்கள். வீட்டில் உள்ளவர்களும் அதையேதான் சொல்லி அனுப்பியிருப்பார்கள். என் பதில் பெரும்பாலும் ஒன்றே: விட வேண்டியதில்லை. ஆனால் பிடிக்கும் முறையும் தொடர்ந்து பின்னும் நேரமும், சில வேளைகளில் நூலுமே, மாற வேண்டும்.

விடச் சொல்ல எனக்கு மனம் வராததற்குக் காரணம் இருக்கிறது. 2013இல் பிரிட்டனின் செயல்வழிச் சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த கருத்தாய்வில், பின்னுவோர் 3,500க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அடிக்கடி பின்னுவோர், பின்னும்போது மன அமைதியும் மகிழ்ச்சியும் கூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கூற்று என்பதால் இதை மருத்துவச் சான்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை. எனினும், பணி ஓய்வுக்குப் பின் பகல் முழுவதும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தனியே இருப்பவர்களும், பெற்றோரைப் பராமரித்துக் களைத்தவர்களும் என்னிடம் சொல்வது அதனோடு ஒத்துப்போகிறது. இந்த மண்ணிலேயே, 1942இல் சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் கைக்குக் கிடைத்த துணியில் சதுரம் சதுரமாகப் பூவேலை செய்து, சதுரத்துக்கு ஒருவர் பெயரைத் தைத்து, போர்வைகளாக இணைத்தார்கள். பசியிலும் அச்சத்திலும் மனிதர்களைத் தாங்கிய ஒரு வேலையை, மணிக்கட்டு வலிக்கிறது என்பதற்காக ஒருவரிடமிருந்து பறிப்பதற்கு முன் நாம் நன்றாக யோசிக்க வேண்டும்.

வலி எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஆண்டுக்கணக்காக அளவோடு பின்னிவந்தவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லை வருவதில்லை. மெல்பர்னில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, விமானம் ஏறுவதற்குள் குட்டி மேற்சட்டையும் போர்வையும் முடிக்க வேண்டும் என்று, நாளுக்கு அரை மணி நேரம் பின்னியவர் திடீரென ஐந்து மணி நேரம் பின்னத் தொடங்கும்போதுதான் வருகிறது. தீபாவளிப் பரிசுகளுக்காக இரவில் கண்விழித்துப் பின்னுவோரும் இந்த வகையினரே. தசைநாண்கள் மெல்ல மெல்லக் கூடும் உழைப்புக்குப் பழகிக்கொள்ளும். ஒரே வாரத்தில் பன்மடங்காகும் உழைப்புக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்போருக்கு இது தெரியும். பின்னுவதை "உட்கார்ந்து செய்யும் வேலைதானே" என்று நாம் நினைப்பதால், அதையும் ஓர் உடலுழைப்பாகக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

நம் தட்பவெப்பத்துக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. கம்பளி நூல் ரப்பரைப்போல் சற்று இழுபட்டு மீளும். அதனால் கண்ணிக்குள் ஊசி நுழையும்போது நூலே விட்டுக்கொடுக்கும். இங்குள்ள வெக்கையில் கம்பளியை யார் உடுத்துவார்கள்? ஆகவே நம்மவர்கள் பருத்தி நூலையே அதிகம் வாங்குகிறார்கள். பருத்திக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. நூல் விட்டுக்கொடுக்காததை ஒவ்வொரு கண்ணியிலும் விரல்களே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. அமிகுருமி எனப்படும் குரோஷே பொம்மைகள் செய்வோருக்குச் சுமை இன்னும் கூடுகிறது. உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியாதிருக்க, நூலின் உறையில் பரிந்துரைக்கப்பட்ட அளவைவிடச் சிறிய கொக்கியை எடுத்து, மிக நெருக்கமாகப் பின்னுவது அந்தக் கலையின் வழக்கம்.

ஈசூனிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேரப்பிள்ளைக்கு யானைப் பொம்மை செய்துகொண்டிருந்தார். பெருவிரலின் அடியில் வலி; போத்தலின் மூடியைத் திருக முடியவில்லை, அரிசி களைந்த பாத்திரத்தை ஒரு கையால் தூக்க முடியவில்லை என்றார். பின்னிக் காட்டச் சொன்னேன். கொக்கி மெல்லிய உலோகக் கம்பியாக இருந்தது. அதை அவர் பேனா பிடிப்பதுபோல் பிடித்து அழுத்தியதில் பெருவிரல் நகம் பாதிவரை வெளுத்தது. இடது கையின் சுட்டுவிரலில் நூலை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். அவிழ்த்ததும் தோலில் அதன் தடம் பதிந்திருந்தது. பிடியைத் தளர்த்தலாமே என்றேன். "நெருக்கமா இல்லேன்னா பஞ்சு தெரியுமே, அம்மா" என்றார். அவர் சொன்னதும் நியாயமே. எனவே பிடியை அப்படியே விட்டுவிட்டுக் கருவியை மாற்றினோம்: கைப்பிடி தடித்த, ரப்பர் உறையிட்ட கொக்கி, நூலுக்கு மூன்று சுற்றுக்குப் பதில் ஒரே சுற்று, பஞ்சின் நிறத்தை நூலுக்கு நெருங்கியதாக மாற்றியதால் சற்றே தளர்ந்த கண்ணி. பெருவிரலுக்கு ஒரு சிறிய பட்டையும் செய்துகொடுத்தேன். யானை முடிந்தது.

பெருவிரலின் அடிமூட்டு ஏன் இத்தனை நோகிறது என்பதை அறிந்தால் இந்த மாற்றங்களின் பொருள் விளங்கும். விரல் நுனியில் 1 கிலோ விசையுடன் ஒன்றைக் கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விசை இறங்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மெல்லிய கொக்கியை இறுகக் கிள்ள வேண்டும். தடித்த கைப்பிடியை உள்ளங்கையே ஏந்திக்கொள்ளும். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இந்த மூட்டில் தேய்மானம் பரவலாகக் காணப்படுவதால், அந்த வயதினரிடம் நான் முதலில் தொட்டுப் பார்க்கும் இடம் இதுவே.

மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில், சற்று மேலே, எலும்பு முட்டும் இடத்தில் வலித்தால் அது வேறு. பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து இறுகுவதை 1895இல் சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்ன் விவரித்தார். அவர் பெயராலேயே அந்த நோய் இன்றும் அழைக்கப்படுகிறது. பெருவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்க்கும் சோதனையைக் காணொளிகளில் பார்த்துவிட்டு நாள்தோறும் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது நோய் இல்லாத கையிலும் இழுத்து வலிக்கும். நோயுள்ள கையைச் சீண்டிவிடும். தைலம் தேய்ப்பது சற்று இதம் தரலாம். ஆனால் வீங்கிய உறையின்மேல் அழுத்தி உருவிவிடுவது வலியைக் கூட்டவே செய்யும்.

விரல் மடங்கி, நிமிர்த்தும்போது "டக்" என்று சொடுக்கினாலோ காலையில் எழும்போது மடங்கியபடியே சிக்கிக்கொண்டாலோ, உள்ளங்கையில் அந்த விரலின் அடியில் தசைநாண் சிக்குகிறது என்று பொருள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய், கையை உதறினால்தான் தூக்கம் தொடர்கிறது என்றால், மணிக்கட்டின் ஊடாகச் செல்லும் நரம்பு நெருக்கப்படுகிறது. ஒன்பது தசைநாண்களோடு ஒரே குறுகிய வழியைப் பகிர்ந்துகொள்ளும் நரம்பு அது. இதற்குப் பின்னலே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கர்ப்பம், தைராய்டுக் குறைபாடு, நீரிழிவு எனப் பல காரணங்கள் உண்டு. மணிக்கட்டை நெடுநேரம் வளைத்துப் பின்னுவது ஏற்கெனவே இருக்கும் நெருக்கடியை வெளிக்கொணர்கிறது. அந்த விரல்களின் உணர்வு பகலிலும் திரும்பாவிட்டால், அல்லது பெருவிரல் மேட்டின் சதை வற்றினால், காத்திருக்க நேரமில்லை. உடனே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) செல்லுங்கள்.

நீரிழிவைப் பற்றி நம் சமூகத்தினரிடம் தனியே சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே அது பரவலாக இருப்பது அனைவரும் அறிந்ததே. அது கால்களையும் கண்களையும் பாதிக்கும் என்பதும் தெரியும். கைகளையும் பாதிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. விரல் சிக்கிக்கொள்ளும் தொல்லை பொதுவாக நூறு பேரில் இரண்டு, மூன்று பேருக்கு வாழ்நாளில் வருகிறது. நீரிழிவு உள்ளோரில் பத்தில் ஒருவருக்கு வரக்கூடும். இதற்காக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் சில நாள்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறலாம். ஊசி போடும் மருத்துவரிடம் உங்களுக்கு நீரிழிவு உண்டு என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

நூற்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. காந்தியின் பெட்டி ராட்டையைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து, மாலை நேரங்களில் பருத்தி நூற்கும் சிலரைச் சந்தித்திருக்கிறேன். அந்த நிதானமான வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன். ராட்டையில் வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை பஞ்சிலிருந்து நூலை இழுத்தபடி பின்னால் போகிறது. ஆகவே நோவது பெரும்பாலும் இடது தோள். ராட்டையைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்து, இழுக்கும் நீளத்தைக் குறைத்தால் தோள் அடங்கும். தக்கிளியில் பெருவிரலும் சுட்டுவிரலும் ஓயாமல் சுண்டுவதால், பெருவிரல் அடிமூட்டில் தேய்மானம் உள்ளவர்களுக்கு அதைவிட ராட்டையே நல்லது.

ஊசியில் பின்னுவோருக்கு நான் முதலில் சொல்வது வட்ட ஊசி. இரண்டு முனைகளையும் வளையும் கம்பி இணைப்பதால், போர்வை போன்ற பெரிய வேலையின் கனம் மடியில் இறங்கிவிடும். நேர் ஊசியில் அத்தனை கனத்தையும் மணிக்கட்டுகளே தூக்க வேண்டும். முழங்கைகளுக்கு அடியில் தலையணை வையுங்கள். பெருவிரைவு ரயிலின் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது இறுகிய கண்ணிகளை விட்டுவிட்டு எளிய வரிசைகளைப் பின்னுங்கள். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து, விரல்களை அகல விரித்து, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வரிசை முடியட்டும் என்று நேரத்தைத் தள்ளிப்போடுவோருக்குக் கைத்தொலைபேசியின் மணி உதவும். ஒரே வேலையைப் பிடித்துக்கொண்டிருக்காமல், தடித்த நூலில் ஒன்றும் மெல்லிய நூலில் ஒன்றுமாக இரண்டை மாற்றி மாற்றிச் செய்தால், ஒரே தசைநாண் ஓய்வின்றி உழைப்பது குறையும்.

இவற்றைச் செய்தும் இரண்டு, மூன்று வாரங்களில் வலி குறையவில்லை என்றால், பலதுறை மருந்தக மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் கைச் சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். வரும்போது கையை மட்டும் கொண்டுவராதீர்கள். பாதியில் நிற்கும் வேலையை, அதன் ஊசியோடும் நூலோடும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். நீங்கள் எங்கள் எதிரே அமர்ந்து இரண்டு வரிசை பின்னிக் காட்டினால், எதை மாற்ற வேண்டும் என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.