சீடையைக் குத்துங்கள், கொப்புளத்தைக் குத்தாதீர்கள்

கோகுலாஷ்டமிக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். மும்பையில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிற பகுதியில் கிளினிக் வைத்திருக்கும் பிளாஸ்டிக் சர்ஜன் நான். (பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் மூக்கை நிமிர்த்துகிற ஆள் என்றுதான் என் சொந்தக்காரர்களே நினைக்கிறார்கள். தீக்காயம் பார்ப்பதும் எங்கள் வேலைதான். என் நாளில் பாதி அதற்கே போகிறது.) இந்த வருஷம் ஒரே சாயங்காலத்தில் மூன்று பேர். மூவருக்கும் காரணம் ஒன்றுதான்: உப்புச் சீடை.

மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கல்யாணமாகி செம்பூருக்கு வந்து இரண்டு வருஷம். வலது முன்கையில், கழுத்தில், இடது கண்ணுக்கு ஒரு விரல் கீழே எண்ணெய் தெறித்திருந்தது. தெறித்திருந்தது என்று அவர் சொல்லித்தான் தெரியும், ஏனென்றால் காயம் என் கண்ணிலேயே படவில்லை. கையில் பற்பசை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதன்மேல் இட்லி மாவு, லேசான புளிப்பு வாசனையோடு. கழுத்தில் மஞ்சள்.

“என்னம்மா இது?”

“முதல்ல பேஸ்ட் தடவினேன் டாக்டர். எரிச்சல் நிக்கல. ஊருக்கு போன் பண்ணி அத்தைகிட்ட கேட்டேன், இட்லி மாவு வைன்னாங்க.”

“தண்ணியில காட்டினீங்களா?”

“ஐயோ, தண்ணி பட்டா கொப்புளம் வந்துடுமே!”

இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கடைசி வரிக்காகத்தான். பதினைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படித்தவர், படிக்காதவர், மாட்டுங்கா, தாராவி, முலுண்ட் என்ற வித்தியாசமே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம்.

தண்ணீரால் கொப்புளம் வராது. தோலின் மேலடுக்கைத் தாண்டிச் சூடு அடியடுக்கைத் தொட்டதால் வருகிறது. அங்கே இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரண்டு அடுக்குக்கும் நடுவே தேங்கி, மேல்தோலைத் தூக்குகிறது. இது நடக்கச் சில நிமிஷமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். எண்ணெய் பட்டதும் நீங்கள் தண்ணீரில் காட்டுகிறீர்கள். பத்து நிமிஷம் கழித்துக் கொப்புளம் எழும்புகிறது. பழி தண்ணீர் மேல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நீங்கள் தண்ணீர் ஊற்றாமல் இருந்தாலும் அந்தக் கொப்புளம் வந்திருக்கும், இன்னும் பெரிதாக வந்திருக்கும்.

ஏன் பெரிதாக? இட்லிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டால் இட்லி வேவது அந்த நொடியே நின்றுவிடுகிறதா? உள்ளே இருக்கிற சூட்டில் கொஞ்ச நேரம் வெந்துகொண்டுதான் இருக்கும். தோலும் அப்படித்தான். எண்ணெயைத் துடைத்துவிட்டோம், அடுப்பை அணைத்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கும்போது, தோலுக்குள் இறங்கிய சூடு கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறது. பொரிக்கிற எண்ணெய் 160லிருந்து 190 டிகிரி வரை இருக்கும். 60 டிகிரி வெந்நீரே சில நொடிகளில் தோலை ஆழமாக வேகவைத்துவிடும் என்றால், எண்ணெயைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டை வெளியே இழுக்க வேண்டும். அதைச் செய்வது ஓடுகிற குழாய்த் தண்ணீர். பற்பசை செய்யாது. பற்பசையில் இருக்கிற புதினா நரம்பை ஏமாற்றி ‘ஜில்’லென்று சொல்ல வைக்கும், அடியில் சூடு அப்படியேதான் இருக்கும். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் சூட்டை உள்ளேயே வைத்து மூடி போடுகிற வேலை.

20 நிமிஷம். இரண்டு நிமிஷம் காட்டிவிட்டு “காட்டினேனே டாக்டர்” என்கிறார்கள். விளம்பரத்தை நீக்கிவிட்டால் ஒரு சீரியல் எபிசோடு ஓடுகிற நேரம் அது. மொபைலில் டைமர் வையுங்கள். குழாயை முழு வேகத்தில் திறக்க வேண்டாம், மெதுவான ஒழுக்கே போதும். ஐஸ் கூடவே கூடாது, அது ரத்தக் குழாயைச் சுருக்கி இருக்கிற தோலையும் கெடுக்கும். எங்கள் சாளில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கிற மும்பைக் குடியிருப்பு) காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும் என்று ஒரு அம்மா சொன்னார். நியாயம்தான். ஒரு பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு, கையைக் காலி பக்கெட்டுக்கு மேலே நீட்டி, மக்கில் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். கீழே விழுகிற தண்ணீரைக் குளியலறை கழுவ வைத்துக்கொள்ளலாம். உடனே செய்ய முடியாமல் போனாலும் விட்டுவிட வேண்டாம், மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு.

அந்தப் பெண் வந்தது சம்பவம் நடந்து முக்கால் மணி நேரத்தில். சிங்க்குக்கு அழைத்துப் போய்க் கையை நீட்டச் சொன்னேன். மாவு கரைந்து போயிற்று. பற்பசை போகவில்லை. ஈரப் பஞ்சால் தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது. வெந்த தோலைத் தேய்த்தால் எப்படி இருக்கும்? அவர் என் நர்ஸின் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. எண்ணெய் பட்டபோதுகூட இப்படி வலிக்கவில்லை என்றார். மஞ்சளைப் பற்றித் தனியாக ஒரு புலம்பல் உண்டு எனக்கு. காயத்தின் ஆழத்தை நாங்கள் நிறத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறோம்: இளஞ்சிவப்பா, அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்கிறதா, வெள்ளையா. மஞ்சளும் நீல மையும் பூசிக்கொண்டு வந்தால் நான் எதைப் பார்ப்பது? மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலே கொடுக்கிற சில்வர் சல்ஃபாடயாசின் களிம்பும் அப்படித்தான். இரண்டு நாளில் காயத்தின் மேல் ஒரு வெள்ளைப் படலம் கட்டிவிடும், அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அது மருந்துதான், ஆனால் எப்போது போடுவது என்பதை நாங்கள் பார்த்துச் சொல்கிறோமே.

சரி, சீடைக்கு வருவோம்.

“பத்தே நிமிஷத்தில் மொறுமொறு சீடை, கடை மாவே போதும்” என்ற வீடியோவைப் பார்த்துத்தான் செய்தாராம். வீட்டில் செய்வது நல்லது, சுலபம், எல்லாம் சரி. நானும் வீட்டுச் சாப்பாட்டுக் கட்சிதான். ஆனால் அந்த வீடியோ எதிலும் சீடை ஏன் வெடிக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே ஓடு இறுகினால் வெடிக்கும், அவ்வளவுதான். எங்கள் அம்மாவுக்கு இயற்பியல் தெரியாது. ஆனால் பச்சரிசியை ஊறவைத்து, துணியில் நிழலில் உலர்த்தி, அரைத்துச் சலித்து, வாணலியில் வறுப்பார். விரலிடுக்கில் எடுத்துத் தரையில் இழுத்துப் பார்ப்பார். கோலப்பொடி மாதிரி இழை அறுபடாமல் விழுந்தால்தான் இறக்குவார். அப்புறம் மறுபடி ஒரு சலிப்பு. ஒரு கப் மாவுக்கு ஒரு டேபிள் ஸ்பூன் வறுத்து அரைத்த உளுத்தம் மாவு, அதே அளவு வெண்ணெய். உப்பையும் பெருங்காயத்தையும் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் ஊற்றுவார், கல்லோ கட்டியோ ஒன்று உள்ளே போகக் கூடாது. உருட்டும்போது நாங்கள் கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று உருட்டினால் கையில் ஒரு தட்டு விழும். “அழகு பாக்காதே, லூசா உருட்டு.” உருட்டியதைத் துணியில் பரப்பிக் கால் மணி நேரம் விட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து. முதலில் இரண்டே இரண்டைப் போட்டு, தள்ளி நின்று பார்ப்பார். வெடித்தால் அன்றைக்கு அந்த மாவு தட்டையாகிவிடும்.

கடை மாவில் செய்தே ஆக வேண்டும் என்றால் செய்யுங்கள். சலித்து, வறுத்து, ஆறவைத்து, மறுபடி சலித்து. பத்து நிமிஷத்தில் ஆகாது. ஆகும் என்று சொல்பவர் உங்கள் கையைப் பார்க்கப் போவதில்லை.

சீடை வருஷத்துக்கு ஒரு நாள். மும்பைக்காரர்களுக்கு இன்னொன்று வாராவாரம் உண்டு: சாபுதானா வடா. அக்கம்பக்கத்து மராத்திக்காரர்களிடம் கற்றுக்கொண்டு நம் வீடுகளிலும் விரதத்துக்கு அதுதான். ஜவ்வரிசி நடுவில் வெள்ளைப் புள்ளியோடு அரைகுறையாக ஊறியிருந்தாலும், தண்ணீர் வடியாமல் சொதசொதவென்று இருந்தாலும் எண்ணெயில் பட்டாசு. இதற்கு நான் சொல்கிற வழி குழிப்பணியாரக் கல். ஒரு கப் ஜவ்வரிசியைக் கழுவி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு நாலைந்து மணி நேரம் ஊறவையுங்கள். விரலில் நசுக்கினால் முழுசாக மசிய வேண்டும். இரண்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, அரை கப் வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, பச்சை மிளகாய், சீரகம், உப்பு. குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடி போட்டு, திருப்பிப் போட்டு எடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும். என் வீட்டில் யாரும் புகார் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது.

இன்னும் சில வேகமாக: வடா பாவுக்குத் தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாயை முழுசாக எண்ணெயில் போடாதீர்கள், கீறிப் போடுங்கள். வேகவைத்த முட்டையை வறுக்கும் முன் முள்கரண்டியால் குத்துங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த எதையும் பனித்துகளோடு எண்ணெயில் கொட்டாதீர்கள். கறிவேப்பிலையைத் துடையுங்கள். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். கைப்பிடி சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், நைலான் நைட்டியோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

தெறிப்பில் வருகிற காயம் பெரும்பாலும் சின்னது. என்னைத் தூங்கவிடாத காயங்கள் வேறு. சமையலறை சின்னது, மேடையில் இடமில்லை, பர்னர் வேண்டும் என்று சூடான எண்ணெயோடு வாணலியைத் தூக்கித் தரையில் வைப்பார்கள். இல்லையென்றால் நிறையச் செய்ய வசதியாக ஸ்டவ்வையே தரையில் இறக்கிவிடுவார்கள். வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கும். அதற்கு மேல் எழுத மாட்டேன். தயவு செய்து, கெஞ்சிக் கேட்கிறேன், எண்ணெய் ஆறுகிற வரை அது அடுப்பின் மேலேயே இருக்கட்டும், அந்த ஒரு மணி நேரம் குழந்தை கதவுக்கு வெளியே இருக்கட்டும்.

வாணலியில் எண்ணெயே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் காயத்துக்கு, எண்ணெய்த் தீக்கு அல்ல. அடியில் போய் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். கேஸை அணைத்து, பெரிய தட்டால் மூடிவிட்டுத் தள்ளிப் போங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு சிங்க்குக்கு ஓடாதீர்கள். அடங்கவில்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து 101.

காயம் பட்டதும் வளையல், மோதிரம், வாட்சைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும், தங்கம் என்று அழுவீர்கள். எண்ணெய் ஊறிய துணியைக் களையுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். 20 நிமிஷம் முடிந்ததும் சுத்தமான ஈரத் துணியோ, சமையலறையில் சாப்பாட்டை மூடி வைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளோ (கிளிங் ஃபிலிம்) மேலே போர்த்திக்கொண்டு வாருங்கள். குழந்தையாக இருந்தால் காயத்தில் மட்டும் தண்ணீர், மற்ற உடம்பு போர்வைக்குள் கதகதப்பாக இருக்கட்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம், இதில் எங்கே பட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். காயம்பட்டவரின் விரல் சேர்த்த உள்ளங்கை என்பது அவர் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம், அதைவிடப் பெரிதாக இருந்தாலும் காட்டுங்கள். குழந்தைக்கு அப்படிப் பத்து உள்ளங்கை, பெரியவர்களுக்குப் பதினைந்து என்றால் 108ஐக் கூப்பிட்டு, தீக்காயப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். நவி மும்பை ஐரோலியில் நேஷனல் பர்ன்ஸ் சென்டர் இருக்கிறது. வழியில் நாலு கிளினிக்கில் இறங்கி ஏற வேண்டாம். வலியே இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. ஆழமான காயத்தில் நரம்பும் வெந்திருக்கும்.

கொப்புளத்தை நீங்களாகக் குத்தாதீர்கள். அந்த மேல்தோல் உங்கள் உடம்பே போட்ட கட்டு. பெரிதாக இருந்தால் நாங்கள் சுத்தமாகச் செய்து கொள்கிறோம். மூன்று வாரத்தைத் தாண்டியும் ஆறாத காயம் தடித்த தழும்பை விட்டுப் போகிற வாய்ப்பு அதிகம், அதற்கு முன்பே வாருங்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கண் தப்பியது. கையில் மேலோட்டமான காயம்தான், பன்னிரண்டாம் நாள் கட்டைப் பிரித்துவிட்டோம். புதுத் தோல் ரோஸ் நிறத்தில் இருந்தது. சில மாதம் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும் என்று சொல்லி, முழுக்கை ரவிக்கையும் சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்தேன். கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

“டாக்டர், தீபாவளிக்குத் தட்டை பண்ணலாம்னு... அதையும் குத்தணுமா?”

“முள்கரண்டியால. நாலஞ்சு இடத்துல.”